கம்பி சிவக்கக் கூடாது

கம்பி சிவக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் என்றால், டாக்டர் ஆவுடையப்பன் பத்து நாளாகச் செல்போனில் பார்த்துவந்த வீடியோக்காரர்கள். முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டுகிறவர்கள். அந்தக் கைகள் ஃபோம் அட்டையை எடுத்துச் சூடான கம்பிமேல் வைத்து, அல்வாவைத் துண்டு போடுவதுபோலச் சத்தமில்லாமல் அறுத்து, இரண்டு பாதியையும் விரித்துக் காட்டி மறைந்துவிடும். கம்பி சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அட்டை உருகி ஓரம் சுருங்கிப்போகும். கம்பி பார்வைக்குக் கறுப்பாகவே இருக்க வேண்டும், பட்டால் அறுக்க வேண்டும். இவருடைய கம்பி ஸ்விட்சைத் தட்டிய மூன்றாவது நொடியே அடுப்புக் கங்காகச் சிவந்து, நீண்டு, நடுவில் தொய்ந்தது. அணைத்தார். சிவப்பு போனது, தொய்வும் போனது, ஒன்றும் நடக்காததுபோல அது விறைத்து நின்றது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிதான், ஆனாலும் தென்காசியில் சாரல் பிடித்து மூன்று நாளாகப் பகலுக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கீழே அவருடைய பல் ஆஸ்பத்திரி. ஒன்றரைக்குப் பூட்டி நாலரைக்குத் திறப்பது, இருபத்துநாலு வருஷமாக. மேலே இந்த அறை. அறையை அடைத்துக்கொண்டு பெரிய பிளைவுட் பலகை, அதன்மேல் செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலை ரயில் பாதை, எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். பதிமூன்று கண் பாலம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பல் அச்சுக்குக் கரைத்து ஊற்றுகிற கல்மாவில் வார்த்து, ஒவ்வொரு கல்லாகக் கீறியது. பாலம் இருந்தது, தண்டவாளம் இருந்தது, விரல் நீளத்துக்கு ஓர் எஞ்சினும் இருந்தது. மலை இல்லை. தண்டவாளம் மரக்குச்சிகளின்மேல் அந்தரத்தில் ஓடி, குகை வர வேண்டிய இடத்தில் சும்மா நின்றது. நாலரைக்கு ஜெயராணி டீச்சர் வருவாள். கடைவாய்ப் பல், கீழே, வலது பக்கம், எலும்புக்குள் படுத்துக் கிடப்பது. அதை நாலரைக்கு நினைத்துக்கொள்ளலாம். இப்போது கம்பி.

ஓர் அடிக்கு இரண்டரை ஓம், பன்னிரண்டு வோல்ட், கிட்டத்தட்ட ஐந்து ஆம்பியர் போகிறது, ஐந்து இதற்கு அநியாயம், ஒன்றரையோ இரண்டோ போதும். அதற்கென்றே வாங்கிய திருகுக் கட்டுப்பாட்டுப் பெட்டி மேஜையில் இருந்தது. அதை இடையில் இணைக்காமல் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தது அவருடைய அவசரம். ஏன் அவசரம். மூன்று விதத்தில் ஒன்றை எடுக்க வேண்டும் என்பதுதான் பத்து நாளாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று பேனா மாதிரி. முனையில் சின்னக் கம்பி, எழுதுவதுபோலப் பிடித்துக் குடையலாம், ஆன்லைனில் அதைக் கூடையில் போட்டு ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார். இன்னொன்று வில், இரண்டு கொம்புக்கு நடுவில் கம்பியை இழுத்துக் கட்டி, ரம்பம்போலக் கையில் பிடித்து மலையை இஷ்டத்துக்குச் செதுக்கலாம். மூன்றாவது மேஜை, கம்பி பலகையில் செங்குத்தாக நிற்கும், பக்கத்தில் நேரான தடுப்புக் கட்டை, அட்டையைக் கட்டையோடு ஒட்டித் தள்ளிவிட்டால் போதும், யார் தள்ளினாலும் நேர்க்கோடுதான். அவருக்கு வேண்டியது அடுக்கடுக்கான தட்டுகள், அறுபது எழுபது தட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மலை. அதற்கு மேஜைதான் சரி என்று முதல் நாளே தெரியும். சொல்லப்போனால் முதல் வீடியோவிலேயே தெரியும். தெரிந்தும் பேனாவைக் கூடையில் போட்டார், அப்புறம் வில்லுக்குப் பி.வி.சி. குழாய் அறுத்தார், முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வில்லை முடித்தும்விட்டார். யார் தள்ளினாலும் நேர்க்கோடு. அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று நெருடியது. யார் தள்ளினாலும் என்றால், கை எப்படி இருந்தாலும். கை எப்படி இருக்கிறது என்று இங்கே யாரும் கேட்கவில்லையே, அவர் மலை செய்கிறார், அவ்வளவுதான். ஐம்பத்துமூன்று வயசு ஆள் பொழுதுபோக்காக மலை செய்யக் கூடாதா என்ன.

வலது கட்டைவிரல் மடியில் கிடந்து தன்பாட்டுக்கு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாத்திரை உருட்டுவதுபோல. அதை அவர் பார்த்தார், பார்த்ததும் நின்றது. இதுதான் அதன் குணம், பார்த்தால் நிற்கும், வேலை கொடுத்தால் நிற்கும், மறந்து மடியில் போட்டால் எழுந்துகொள்ளும். எட்டு மாசமாக. மாசி மாதம் கோயிலில் கும்பிட்டு நிற்கும்போது முதலில் தெரிந்தது, கூப்பிய கையில் ஒன்று மட்டும் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி. இல்லை, அதற்கும் முன்னால், தீபாவளி சமயம், பஸ்ஸில் டிக்கெட்டைப் பிடித்திருந்தபோது டிக்கெட் படபடத்தது, ஜன்னல் காற்று என்று நினைத்தார், ஜன்னல் மூடியிருந்தது. வேலை செய்யும்போது ஆடினால் ஒரு வகை, அது வயசானால் பலருக்கும் வருவது, பயமில்லை. சும்மா இருக்கும்போது ஆடினால் இன்னொரு வகை. அந்த இன்னொரு வகையின் பெயரை அவர் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை. படிக்கிற காலத்தில் பொது மருத்துவப் பாடத்தில் அது ஒன்றரைப் பக்கம், பரீட்சைக்கு வராது என்று சீனியர் சொன்னதால் மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தூங்கப்போனார். அந்தக் காலத்தில் கை அவருக்குப் பெருமை. முதல் வருஷம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள், இரண்டரை மணி நேரம், மேல் கடைவாய்ப் பல், மேடு பள்ளம் எல்லாம் அச்சாக வர வேண்டும். மேடம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிடிக்காததைக் கட்டைவிரலால் நசுக்கிப்போட்டுக்கொண்டே வந்தவர் இவருடையதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நசுக்கவில்லை, அடுத்த பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எத்தனை நோயாளிகள் சொல்லியிருப்பார்கள், ஊசி போட்டதே தெரியலை டாக்டர். அதுதான் ஊர் முழுக்க அவர் பெயர். ஊசி தெரியாத டாக்டர். வேலை கொடுத்தால் கை நிற்கிறது, அதனால் வேலை செய்யலாம், அதனால் ஆபத்தில்லை, எட்டு மாசமாக இந்த மூன்று வரியையும் இதே வரிசையில் சொல்லிக்கொண்டு வந்தார். சுடலைமுத்து வந்த நாள் வரைக்கும் சொன்னார்.

சுடலைமுத்து கண்டக்டர். செங்கோட்டை டிப்போ, சங்கரன்கோவில் வண்டி. சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்க வேண்டிய சின்ன வேலை, பத்து நிமிஷம், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று சொல்வார்களே அந்த மாதிரி. பல்லைக் குடைகிற முனை மூன்று லட்சம் சுற்று சுற்றும். அது நழுவ ஒரு நொடிகூட வேண்டாம். கை நின்றுதான் இருந்தது, அவர் சத்தியம் செய்வார், நின்றுதான் இருந்தது, அப்புறம் நிற்கவில்லை. நாக்கின் ஓரம் கிழிந்து வாய் முழுக்க ரத்தம். உதவியாளர் மரகதம் பஞ்சைத் திணித்தாள், உறிஞ்சு குழாய் சிவப்பாக ஓடியது, நாலு தையல். எல்லாம் முடிந்து வாயைத் துடைத்துக்கொண்டு அந்த மனுஷர் கொழகொழத்த நாக்கோடு, நான்தான் நாக்கை ஆட்டிட்டேன் போலிருக்கு டாக்டர் என்றார். அந்த இடத்தில்தான் ஆவுடையப்பன் பேசினார். ஆமா, ஆட்டக் கூடாது, இனிமே கவனமா இருங்க என்றார். வாயிலிருந்து அது அவ்வளவு இயல்பாக வந்தது, குரலில் ஒரு சின்னக் கண்டிப்போடு. போன வாரம் தையல் பிரிக்க வந்தபோது சுடலைமுத்து ஒரு பை நிறையக் குற்றாலத்து மங்குஸ்தான் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அன்னைக்கு உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன் என்றார். டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தேய்ந்த விரல்கள், பைக்காதைப் பிடித்தபடி, துளி ஆடாமல். பழத்தை மரகதம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தும் போகவில்லை. குளிக்கும்போது வருகிறது, ஸ்கூட்டரை உதைக்கும்போது வருகிறது, ஆமா ஆட்டக் கூடாது, ஆமா ஆட்டக் கூடாது. கை நழுவியதைவிட அந்த மூன்று வார்த்தைதான் பற்களுக்கு நடுவில் சிக்கிய நார்போல, நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. கை அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், வாய் இருந்ததே.

செல்போன் அடித்தது. கோமதி. பெங்களூரில் மகள் காந்திமதிக்குப் பிரசவம் ஆகி நாற்பது நாள், இன்னும் ஒரு மாசம் அங்கேதான் இருப்பாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், சாப்பிட்டாச்சு என்றார், என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டதற்கு யோசிக்க வேண்டியிருந்தது. குழந்தை ராத்திரி தூங்குவதில்லை, மாப்பிள்ளைக்குச் சளி, அங்கே சாரலா, துணி காயுதா. கம்பி மிஷின் செய்கிறேன் என்று இவர் சொன்னார். ரெடிமேடா விக்காதா அதெல்லாம் என்று கேட்டாள். விற்கிறது என்றார். அப்போ வாங்க வேண்டியதுதானே என்றாள். அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் ஒரு நிமிஷம் ஆகும், அவள் அன்றைக்கே பஸ் ஏறுவாள், காந்திமதி அழுவாள், அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நாமே செய்தால்தான் அளவு சரியாக வரும் என்றார். அவள் சரியென்று சொல்லிவிட்டு, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, மெதுவாப் பேசுறீங்களே, கேட்கவே மாட்டேங்குது என்றாள். சிக்னல் இல்லை என்றார். வைத்த பிறகு சிக்னல் கம்பிகளைப் பார்த்தார், நாலும் இருந்தது.

திருகுப் பெட்டியை இடையில் இணைத்தார். கம்பி நீளும்போது தொய்யாமல் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். கழித்துக் கட்டிய பழைய பல் நாற்காலியின் கையிலிருந்து எடுத்து வைத்ததை வில்லின் ஒரு கொம்பில் மாட்டினார். ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். எல்லா வீடியோவிலும் இதைத் தவறாமல் சொல்கிறார்கள், புகை நல்லதில்லை, நாற்றம் ரெண்டு நாள் போகாது, காற்று ஓடுகிற இடத்தில் செய்யுங்கள் என்று. சாரல் உள்ளே பொடிப்பொடியாக வந்து பாலத்தின்மேல் படிந்தது, துணியை எடுத்துப் போர்த்தினார். நீல நிற ஃபோம் அட்டை, குளிர்பதனக் கிடங்குச் சுவருக்குள் வைப்பது, திருநெல்வேலியில் வாங்கியது. தெர்மகோல் மாதிரி மணிமணியாக உதிராது, மழமழவென்று இருக்கும். பென்சிலால் ஒரு கோடு. ஒரு முழ நீளம். வில்லைக் கையில் எடுத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கம்பி கறுப்பாகவே இருந்தது, ஒரு துண்டு அட்டையைத் தொட்டுப் பார்த்தார், இறங்கியது. இதுதான் சூடு. இனிக் கோடு. கை நிற்கும், வேலை கொடுத்தால் நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார், கம்பி அட்டைக்குள் போன இடத்தில் நீலம் பளபளத்தது, பாதி தூரம் பென்சில் கோட்டின் மேலேயே போனது, அப்புறம் அந்தப் பல் ஞாபகம் வந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தது, வெள்ளையாகப் படுத்திருக்கும் பல், அதன் வேருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பாதை, உதட்டுக்கும் தாடைக்கும் போகிற நரம்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர். நரம்பு அறுந்தால் டீச்சரின் கீழுதடு மரத்துப்போகும், காபி வழிவதுகூடத் தெரியாது, வாழ்நாள் முழுக்க. கோட்டின் முடிவில் கம்பி வெளியே வந்தது. திருகை அணைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தார். முதல் பாதி நேர். இரண்டாவது பாதியில் இரண்டு நெளிவு, சின்னது, மலைக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கருவி, முதல் தடவை, யாருக்கும் நெளியும். அப்படியும் சொல்லலாம். மறுபடி ஒன்று இழுத்தார். நேர். மூன்றாவது, மூன்று நெளிவு. நாலாவது நேர். இதை எப்படி எடுத்துக்கொள்வது. இரண்டுக்கு இரண்டு. பாதிப் பாதி என்பது மலைக்குப் போதும், நாக்குக்குப் போதாது என்று யாரோ சொல்வதுபோல இருந்தது, அறையில் யாரும் இல்லை.

மலைதான் செய்ய உட்கார்ந்தார் என்பது பொய் என்று அப்போது தெளிவாகவே தெரிந்தது. பரீட்சை வைக்கத்தான் உட்கார்ந்தார், நாலரைக்குள் விடை வேண்டும் என்று. விடை வந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு கேள்வித்தாள் தேடினார். வில்லின் ஒரு கொம்பைக் கழற்றி, பிளைவுட் துண்டில் ஓட்டை போட்டுக் கம்பியை அதன் வழியே கீழே இறக்கி, மேலே குழாயை வளைவாகத் தையல் மிஷினின் கைபோல நிற்கவைத்து, பக்கத்தில் ஓர் அடிஸ்கேலை அழுத்தித் திருகினார். இருபது நிமிஷம் ஆனது, கை அந்த நேரம் முழுக்கச் சமர்த்தாக இருந்தது, அது ஒரு கெட்டிக்காரத்தனம் அதற்கு. அட்டையை ஸ்கேலோடு ஒட்டித் தள்ளினார். போனது. சத்தமே இல்லை. நேர்க்கோடு, கண்ணாடி மாதிரி முகம், ஒரு நெளிவு இல்லை, ஒரு கறுப்பு இல்லை. இன்னொன்று தள்ளினார், இன்னொன்று. பத்துத் தட்டு ஆனபோது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தார். ஆரியங்காவு பக்கத்துப் பாறைச் சரிவு அப்படியே நின்றது, அதன் அடியில் தண்டவாளம் நுழைய இடம். பல மாசமாக வராத ஒரு லேசான சந்தோஷம் நெஞ்சில் ஏறியது. எல்லாவற்றுக்கும் ஒரு தடுப்புக் கட்டை உண்டு, யோசித்தால் கிடைக்கும், முழங்கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு, சுண்டுவிரலை நோயாளியின் தாடையில் பதித்துக்கொண்டு, சின்னச் சின்ன வேலையாக எடுத்து, இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டிவிடலாம். வீடியோக்காரர்கள் பயமுறுத்தியது மாதிரி நாற்றம்கூட இல்லை. சூடு அவ்வளவு கச்சிதமாக வைத்திருக்கிறார். பதினொன்றாவது அட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மரகதம் படியேறி வந்தாள். பதினேழு வருஷமாக அவருடைய உதவியாளர், நாலு மணிக்கே வந்து கருவிகளைக் கொதிக்கப் போடுகிறவள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எதைப் போட்டு எரிக்கீங்க டாக்டர்? கீழ ரோடு வரைக்கும் நாறுது. தொண்டையெல்லாம் கமறுது."

அவர் திருகை அணைத்தார். நாறுதா என்று கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தின நாத்தம்லா என்றாள், கீழே போய்ச் சாம்பிராணி போடட்டுமா, டீச்சர் வார நேரம் என்றாள். போடு என்றார். அவள் இறங்கிப் போன பிறகு அறுத்த அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே வைத்தார். வெட்டு முகம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் என்றால் ஒன்றும், வெறும் காற்று. இன்னும் ஆழமாக இழுத்தார். சளி பிடித்திருக்கும், சாரல் நேரம், ஊரில் பாதிப் பேருக்குச் சளி. மூக்கு அடைக்கவில்லையே. கீழே இறங்கினார், மரகதம் பின்கட்டில் இருந்தாள், மருந்து அலமாரியைத் திறந்து கிராம்பு எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகி மூக்கின் கீழே வைத்தார். பல் ஆஸ்பத்திரி என்றாலே அந்த வாசனைதான். வாசலில் கால் வைக்கும்போதே குழந்தைகளை அழவைக்கிற வாசனை, அவர் சட்டையிலிருந்து போகவே போகாது என்று கோமதி கல்யாணமான புதிதில் தனியாக ஊறவைக்கிற வாசனை. மூக்குக்குள் லேசாகச் சுருக்கென்று குத்தியது. குத்தல் மட்டும்தான். கிராம்பு இல்லை. எப்போதிலிருந்து. காலையில் குடித்த காபி, அது சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது, காபியாக இருந்ததா. சாரல் விழுந்த முதல் நாள் மண் வாசனை என்று மரகதம் சொன்னாள், இவரும் ஆமா என்றார், சும்மா சொன்னார். சித்திரையில் ஒருநாள் காஸ் கசிந்து வீடே நாறுவதாகக் கோமதி அடுப்படியிலிருந்து கத்தினாள், இவர் இரண்டடி தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், காது வரவர மந்தமாகுது உங்களுக்கு என்று அவள் திட்டினாள். காதில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தில் அது இருந்தது, மேலோட்டமாகப் படித்ததில்கூட அந்த வரி மட்டும் எப்படியோ தங்கியிருந்தது: நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே மோப்பம் போய்விடும். அப்போது அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரனிடம், நல்லதுதானே, நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வசதி என்று சொல்லிச் சிரித்திருந்தார். கைக்குக் கட்டை கொடுக்கலாம். பல வருஷமாக உள்ளே ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்த ஒன்றுக்கு எந்தப் பக்கம் கட்டை கொடுப்பது. குப்பியை மூடினார். மூடி உடனே பொருந்தவில்லை, இரண்டு தடவை மரை மாறியது. சொல்ல வேண்டியவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள், கோமதி, காந்திமதி, செங்கோட்டை டிப்போவில் ஒருவர். அந்த வரிசையின் முன்னால் நிற்கிற டீச்சர் இன்னும் பத்து நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு வருவாள்.

ஜெயராணி டீச்சர் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், கூடத் துணைக்கு நாத்தனார். வலது கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது. நேராகப் போய்ப் பல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஆவுடையப்பன் கையுறை போடவில்லை. தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எறங்கி இங்க வாங்க டீச்சர் என்றார். இந்தப் பல்லை நான் எடுக்கப் போறதில்லை, பாளையங்கோட்டையில் டாக்டர் பர்வீன் என்று இருக்கிறார்கள், இதிலே தேர்ந்தவர்கள், கடிதம் தருகிறேன், போன் போட்டும் சொல்கிறேன் என்றார். டீச்சருக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம் என்று அவருக்குத் தெரியும்.

"மூணு நாளா மாத்திரை போட்டு, இன்னைக்குன்னு மனசைத் திடப்படுத்திட்டு வந்திருக்கேன் டாக்டர். நீங்கதான் ஊசி தெரியாமப் போடுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. போன வாரம் பார்த்தப்போ முடியும்னுதானே சொன்னீங்க?"

போன வாரம் சொன்னது தப்பு என்றார். வேறொன்றும் சொல்லாமல் கடிதத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். டாக்டர்களுக்குள் இங்கிலீஷில் எழுதிக்கொள்வதுதான் வழக்கம்; அன்று பேனா தமிழில் போயிற்று, ஏனென்று அவருக்கே தெரியாது, எதிரில் உட்கார்ந்திருப்பவளும் படிக்கட்டும் என்று இருக்கலாம். பல் இருக்கும் நிலையை எழுதினார், நரம்பு இருக்கும் தூரத்தை எழுதினார், கொடுத்த மாத்திரைகளை எழுதினார். அதற்குக் கீழே, தான் ஏன் செய்யவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எழுதி முடித்ததும் ஓர் ஆறுதல்கூட வந்தது, வாயால் சொல்ல வேண்டாம் அல்லவா. டீச்சர் வாங்கிப் படித்தாள். முதல் வரியைச் சரளமாகப் படித்தாள், இரண்டாம் வரியில் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். நாத்தனாரிடம் காட்டினாள். இருபது வருஷமாகப் பரீட்சைத்தாள் திருத்துகிறவள், எந்தக் கோழிக்கிறுக்கலும் அவளுக்குப் பழக்கம்தான்.

"போகப் போக எழுத்து எறும்பு மாதிரி ஆயிடுச்சே டாக்டர். கடைசி ரெண்டு வரி ஒண்ணுமே தெரியலை. அந்த டாக்டர் எப்படிப் படிப்பாங்க?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரி அவருடைய எழுத்து. வரிக்கு வரி அது ஒடுங்கிக்கொண்டே போய், கடைசியில் நேராக இழுத்த நூலாகக் கிடந்தது. எழுதும்போது எல்லாம் ஒரே அளவாகத்தான் அவருக்குத் தெரிந்தது. வெளியே பஸ் ஹாரன் கேட்டது, பின்கட்டில் கருவிகள் கொதிக்கிற சத்தம் கேட்டது, சாம்பிராணிப் புகை சுவரோரமாக நீலமாகத் தவழ்ந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. மரகதத்தைக் கூப்பிட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். புதுத் தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுது, பெரிய எழுத்தா என்றார். அவள் மேஜை ஓரமாக நின்றபடியே குனிந்து எழுதினாள். பல்லின் நிலையைச் சொன்னார், எழுதினாள். நரம்பின் தூரத்தைச் சொன்னார், எழுதினாள். மாத்திரைப் பெயர்களை அவர் எழுத்துக்கூட்டாமலே அவளுக்குத் தெரியும். டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆவுடையப்பன் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். மறைக்கவில்லை. வலது கட்டைவிரல் தன் வேலையைத் தொடங்கியது.

"எனக்குச் சில மாதங்களாகக் கை நடுக்கம் இருக்கிறது," என்றார். "நரம்பு சம்பந்தமான நோயாக இருக்கலாம். ஆகையால் இனி எந்த நோயாளிக்கும் நான் சிகிச்சை செய்யப்போவதில்லை."

மரகதத்தின் பேனா நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. மேஜைமேல் இருந்த அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரும் பார்த்தாள், நாத்தனாரும் பார்த்தாள்.

"எழுதும்மா," என்றார் ஆவுடையப்பன்.